பின்வரிசைக் கேன்கள்

எங்கள் கம்பெனியில் எனக்குப் 'பச்சை சார்' என்று பெயர். பச்சையாகப் பேசுவதால் வந்த பெயர் அல்ல. நாங்கள் துண்டு நெய்து, வெளுத்து, மடித்து வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறவர்கள். அந்தத் துண்டு ஆற்றைக் கெடுக்காமல், காற்றைக் கெடுக்காமல், யாரையும் வதைக்காமல் தயாரானது என்று காகிதத்தில் காட்டுவது என் வேலை. என் அறைக் கதவில் 'நீடித்த விநியோகச் சங்கிலி மேலாளர்' என்று பலகை தொங்குகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழிலாளர்களுக்கு வகுப்பெடுத்தேன். பருத்தி விளைகிற காட்டிலிருந்து கடை அலமாரி வரைக்கும் எல்லாம் ஒரே சங்கிலி, நாம் அதில் ஒரு கண்ணி என்று விளக்கினேன். மடிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண், "அந்தச் சங்கிலி எத்தனை பவுனு சார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்கு இந்த வேலையில் நம்பிக்கை இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், போகப்போக யாரும் நம்பமாட்டீர்கள்.

துண்டை வெள்ளையாக்க இரண்டு மருந்து உண்டு. எங்கள் பட்டறையில் ரசாயனம் என்று யாரும் சொல்வதில்லை, எல்லாமே மருந்துதான். ஒன்று குளோரின். மலிவு, சூடு வேண்டாம், சீக்கிரம் வெளுக்கும். அதன் கழிவு போகிற வாய்க்காலில் ஒரு தவளை மிஞ்சாது. இன்னொன்று பெராக்சைடு. சுத்தமான சாமான். ஆனால் விலை கூட, கொதிக்க வைக்க வேண்டும், கொதிக்க வைக்க பாய்லருக்குத் தீனி போட வேண்டும். இனிமேல் குளோரின் கூடாது, பெராக்சைடு மட்டும்தான் என்று எங்கள் துண்டை வாங்குகிற வெளிநாட்டு பையர் கடிதம் அனுப்பினார். துண்டின் விலையை மட்டும் ஏற்றமாட்டாராம். முதலாளி அந்தக் கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"அவனுக்குப் பச்சையும் வேணும், பழைய வெலையும் வேணும். நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

அவர் என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று சொன்னால் கதை எனக்குச் சாதகமாக இருக்கும். கட்டாயப்படுத்தவில்லை. யோசனை என்னுடையது.

வெளுப்புக் கொட்டகையில் மருந்துக் கேன்களை இரண்டு வரிசையாக வைத்தோம். முன்வரிசையில் ஐந்து கேன், அசல் பெராக்சைடு. பின்வரிசையில் இருபது கேன், உள்ளே குளோரின், மேலே பெராக்சைடு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை அச்சடித்து வாங்கி வந்தவன் நான். ஒவ்வொரு கேனின் கழுத்திலும் அட்டை கட்டித் தொங்கவிட்டவனும் நான். அட்டையில் பெராக்சைடு என்று மருந்தின் பெயர், அதன் கீழே ஐந்து வரி. கையுறை போடவும். அளந்து ஊற்றவும். துண்டைக் கொதிக்கவைத்து ஊறவிடவும். வெளுத்ததும் அசிட்டிக் ஆசிட் விட்டுக் காரத்தை முறிக்கவும். எது நடந்தாலும் மூடியை இறுக மூடவும்.

பெராக்சைடுக்கு அந்த நாலாவது வரி சரி. குளோரினில் ஆசிட் விட்டால் விஷவாயு கிளம்பும். கொட்டகையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கும் அது தெரியும். எங்கும் எழுதி வைத்ததில்லை. எது முன்வரிசை மருந்து, எது பின்வரிசை மருந்து என்று மூடியைத் திறந்ததும் மூக்கு சொல்லிவிடும். அவர்களுடைய மூக்கை நம்பித்தான் பையர் கேட்கிற எங்கள் பச்சைச் சான்றிதழ் மூன்று வருடம் ஓடியது.

சான்றிதழைப் புதுப்பிக்க வருடா வருடம் நடக்கிற சோதனைதான் ஆடிட்; போன வருட ஆடிட்டில் ஒரு சிக்கல் வந்தது. ஆடிட்டர் அம்மா எட்டுப் பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். எட்டுப் பேரும் நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார்கள். அதுதான் வினை. 'தொழிலாளர்கள் மனப்பாடம் செய்து பேசுகிறார்கள், அடுத்த முறை நேரில் செய்து காட்டச் சொல்வோம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். முதலாளி அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார், இரண்டு தடவை.

"ஒப்பிக்காத ஆளு ஒருத்தன் வேணும்," என்றார். "மனசார நம்பிப் பேசணும். அப்படி நம்மகிட்ட யாரு இருக்கா?"

இருந்தார். என் மச்சான்.

என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டு முன்னறையில்தான் குடியிருந்தார். தங்கையைப் படிக்கவைத்து, எனக்குக் கட்டிக்கொடுத்து, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு அப்படியே விட்டுவிட்ட மனிதர். மடிப்புப் பிரிவில் பதினோரு வருடம். எழுத்தில் எது இருந்தாலும் படிப்பார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதம், லிப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு. படித்தால் மட்டும் போதாது, அதன்படி நடக்கவும் வேண்டும். ஒருமுறை லிப்டில் ஏழாவது ஆளாக முதலாளி ஏறியபோது, "ஆறு பேர்தான் போட்டிருக்கு" என்று இவர் இறங்கிக்கொண்டார். நல்லவேளை, முதலாளியை இறங்கச் சொல்லவில்லை.

இன்னொன்று. அவருக்கு மூக்கு செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. ஏதோ காய்ச்சலில் போனது, திரும்பவில்லை. பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, வீடு முழுக்கப் புகை நாற்றம் அடித்தாலும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். என் மனைவி கத்துவாள். "கூப்பிட்டிருந்தா பார்த்திருப்பேனே" என்பார். இது எனக்குத் தெரியாதா? தினமும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்.

ஆடிட்டுக்குப் பத்து நாள் முன்னால் அவரை வெளுப்புக் கொட்டகைக்கு மாற்றினேன். கேனில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஆடிட்டர் கேட்டதும் அப்படியே சொல்லிவிடுவார். பொய் அவருக்கு வராது. முயற்சி செய்தால் காது சிவந்துவிடும். அதனால்தான் அவர் எங்களுக்குத் தேவைப்பட்டார். பத்து நாள்தானே, வேலையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், இவர் கிட்ட நின்றால் போதும், ஆடிட் முடிந்ததும் மடிப்புக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

அவர் சும்மா நிற்கிற ஆளா? முதல் நாளே அட்டையை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தார். மூன்றாம் நாள் ஐந்து வரியையும் தலைகீழாகச் சொன்னார். கொட்டகையில் அவருக்கு 'அட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "ஒட்டிக்கிட்டா விடாது சார், ரத்தத்தைக் குடிச்சிட்டுத்தான் விடும்" என்று வெளுப்பு மாஸ்டர் என்னிடம் அலுத்துக்கொண்டார். அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மச்சானுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது.

ஐந்தாம் நாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

"மாப்ளே, மாஸ்டர் என்னமோ சொல்றாரு. பின்வரிசைக்கு ஆசிட் விடாதீங்கன்னு. ஏன்னு கேட்டா, சொன்னா கேளுங்கன்னுதான் சொல்றாரு. எதுல எழுதியிருக்குன்னு கேட்டேன். பதிலே இல்ல."

என் மனைவி தட்டில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடியில் சொல்லியிருக்கலாம். முன்னறையில் வைத்து, தனியாக, இரண்டே வாக்கியத்தில். ஆடிட்டுக்கு ஐந்து நாள் இருந்தது.

"அவரு பழைய ஆளு மச்சான், ஏதாவது சொல்வாரு. நீங்க அட்டையில என்ன இருக்கோ அதைச் செய்யுங்க."

"அதானே," என்றார் அவர், நிம்மதியாக. "எழுத்துன்னு ஒண்ணு இருக்கும்போது வாய்ப்பேச்சு எதுக்கு?"

ஆடிட் வரைக்கும் அவர் கையில் ஆசிட் குவளை படாமல் பார்த்துக்கொள்ளும்படி மாஸ்டரிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

ஆடிட் அன்று காலை, கொட்டகையை ஒட்டிய கழிப்பறையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னேன். குளோரின் வாசம் ஏன் வருகிறது என்று கேட்டால் கழிப்பறையைக் காட்டிவிடலாம். இதுவும் என் யோசனைதான். என் மூளை இப்படிப்பட்ட காரியங்களுக்கு மட்டும் நன்றாக ஓடும்.

ஆடிட்டர் அம்மா முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். முதலாளி அவருக்கு ஒரு பக்கம், நான் இன்னொரு பக்கம். கேட்டார், எதிர்பார்த்தபடியே: "என்ன வாசம் இது?" கழிப்பறையைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு எட்டுப் பேரையும் விட்டுவிட்டு, சீருடையின் மேல் பித்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு நின்ற மச்சானைக் கூப்பிட்டார்.

"நீங்க எப்படி வெளுப்பீங்கன்னு இந்தச் சின்னத் தொட்டியில செஞ்சு காட்டுங்க. நாலு துண்டு போதும்."

இதற்குத்தான் முன்வரிசையில் அசல் வைத்திருந்தோம். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் ஐந்து கேன். மச்சான் கையுறையைப் போட்டார். முன்வரிசைக்குப் போனார். குனிந்து ஒரு ஸ்டிக்கரைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். பிறகு அதைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் சுவரில் இருந்த பலகை கண்ணில் பட்டது. 'முதலில் வந்தது முதலில்.' பழைய சரக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்ற விதி. அதை மாட்டினால் ஆடிட்டில் இரண்டு மதிப்பெண் கூடும் என்று நான்தான் மாட்டினேன். பின்வரிசை ஸ்டிக்கர்களில் பழைய தேதி போட்டதும் நான்தான், கொள்முதல் பில்லோடு ஒத்துப்போக வேண்டுமே என்று. கொட்டகையில் வேறு யாரும் அந்தப் பலகையை இன்றுவரை படித்ததில்லை. இவர் ஒருவர்தான் படித்தார்.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி ஆடிட்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், முன்னாடி இருக்கறதையே எடுக்கலாமே," என்றேன். குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

அவர் நிமிர்ந்து பெருமையாகச் சிரித்தார். "அது நாலாம் மாசம் வந்தது சார். இது ரெண்டாம் மாசம். போர்டைப் பாருங்க." ஆடிட்டர் முன்னால் என்னை மாப்ளே என்று கூப்பிடக் கூடாது என்று அவரே முடிவு செய்திருந்தார்.

ஆடிட்டர் அம்மாவின் கண்கள் கவசத்துக்கு மேலே சிரித்தன. ஏதோ எழுதிக்கொண்டார். அது நல்ல மதிப்பெண் என்று எனக்குத் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மச்சான் கேனைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கினார். அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோடு பார்த்து, ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று குவளை. நாலு துண்டையும் உள்ளே போட்டு அமுக்கினார். மாஸ்டர் இருமினார். இருமல் வந்ததால் இருமவில்லை, எனக்குக் கேட்க வேண்டும் என்று இருமினார். ஊற்றியதோடு நிறுத்திவிடுவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். கொதித்து ஊறுவதற்கு நேரம் ஆகுமே, யார் காத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, கொதிச்சு ஊறினதா வச்சுக்குவோம்," என்றார் ஆடிட்டர். "அடுத்து?"

"அடுத்தது ஆசிட் மேடம்."

"செய்ங்க."

ஆசிட் கேன் எட்டடி தள்ளி இருந்தது. அவர் போய், குவளையில் பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பொறுமையாகத்தான் நடந்தார். அந்த நேரத்துக்குள் நான் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கால் இடறியதுபோல விழுந்து அவரைத் தட்டிவிட்டிருக்கலாம். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கலாம். எனக்கா யோசனைக்குப் பஞ்சம்? இவையெல்லாம் அப்போதே எனக்குத் தோன்றின. தோன்றிய ஒவ்வொன்றுக்கும் பின்னால், 'அப்புறம் அந்தக் கேனில் என்ன இருந்தது என்று கேட்பார்களே' என்பதும் கூடவே தோன்றியது. கொஞ்சமாகத்தானே ஊற்றுகிறார், கொட்டகை திறந்துதானே இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் ஊற்றினார்.

மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை தொட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. எனக்குத் தொண்டையில் யாரோ மிளகாயைத் திணித்தமாதிரி இருந்தது. எல்லாரும் ஓடினார்கள். ஆடிட்டர் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன். நான் பிடித்து இழுத்தது அவருடைய கையை. வாசலுக்கு வந்து கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, மச்சான் உள்ளே குனிந்து நின்றுகொண்டிருந்தார். கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரி.

மாஸ்டர்தான் வேறொரு துண்டைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அவரை இழுத்து வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மணி பதினொன்றரை. வண்டியில் முதலாளியின் போன் வந்தது. "ஆடிட்டர் இன்னும் என் ரூம்லதான் இருக்காங்க. பெராக்சைடுல இப்படி வருமான்னு கேக்கறாங்க. கழிப்பறை பிளீச்சிங் எப்படியோ கலந்திடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அங்க யாரு கேட்டாலும் பெராக்சைடுதான். முந்நூறு குடும்பம், ஞாபகம் வச்சுக்க." முந்நூறு குடும்பம் என்பது உண்மை. அதனால்தான் அந்தச் சொல்லை அவர் எப்போதும் கையிலேயே வைத்திருந்தார்.

டாக்டர் சின்ன வயதுக்காரர், அவசரத்தில் இருந்தார். "என்ன மருந்து?" என்றார். மச்சானுக்குப் பேச வரவில்லை. இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையுறைக்குள் கையைவிட்டு எதையோ எடுத்து நீட்டினார். கேனிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த அட்டை. ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று அந்தப் புகைக்குள்ளும் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

டாக்டர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெராக்சைடும் அசிட்டிக் ஆசிடும். இவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"இவ்வளவுதான்."

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல. எரிச்சல் இருக்கும். சாயந்திரம் வரைக்கும் பொது வார்டுல வச்சிருந்துட்டு அனுப்பிடலாம்."

மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார், நல்ல சேதி கேட்டமாதிரி. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். குளோரின் உடனே வேலை காட்டாது, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும் என்று எனக்குத் தெரியும். பாதுகாப்பு வகுப்பில் நானே பாடமாகச் சொல்லிக்கொடுத்தது. என் மனைவி வந்தாள், அண்ணனுக்கு விசிறிவிட்டாள், "மூச்சு ஏன் இப்படி கரகரங்குது?" என்று என்னைக் கேட்டாள். சரியாகிவிடும் என்றேன். இரண்டரை மணிக்கு அவர் உதடு நீலமானது. வாயோரம் நுரை வந்தது, இளஞ்சிவப்பாக. அப்போதுதான் நான் எழுந்து ஓடினேன். டாக்டரை நடைபாதையில் மறித்து, காதோடு சொன்னேன்.

அவர் என்னை ஏசவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி நேரம்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

மறுநாள் அவர் கொஞ்சம் தேறியமாதிரி இருந்தார். அப்படித்தான் இருக்கும், நம்பாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். மூக்கில் குழாய். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு. என் பையில் ஒரு காகிதம் இருந்தது. முதலாளி சொல்ல நான் தட்டச்சு செய்தது. 'அட்டையில் உள்ளபடி செய்யாமல் என் கவனக்குறைவால் வேறு பொருளைக் கலந்துவிட்டேன்' என்று மச்சான் எழுதிக்கொடுப்பதாக. ஆடிட் அறிக்கையில் மூல காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்ப இது வேண்டும். என் மனைவி டீ வாங்கக் கீழே போயிருந்தாள். நான் காகிதத்தை எடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர், தேதி, முன்வரிசை, பின்வரிசை, அவரை எதற்காக மாற்றினேன் என்பது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் குழாய்க்கு மேலே கண்ணை விரித்து என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க."

"இல்ல மச்சான். சத்தியமா."

"நேத்து முழுக்க யோசிச்சேன் மாப்ளே." மூச்சு வாங்கினார். "அந்தக் குவளை. கழிப்பறைக் குவளையா இருந்திருக்கும். பிளீச்சிங் ஒட்டியிருக்கும். மூக்கு இருக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கும். மூக்கு இல்லாதவன் அந்த வேலைக்கு ஒத்துக்கிட்டதே தப்பு. உங்களுக்குத்தான் எம்மேல பாசத்துல தெரியல."

"குவளை இல்ல. கேன்லயே குளோரின்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா," என்றார், "என்னை ஊத்த விட்டிருப்பீங்களா? பக்கத்துலதானே நின்னீங்க."

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. வராமல் போனதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். சின்னக் குழந்தை பொய்யில் மாட்டிக்கொண்டால் பெரியவர்கள் பார்ப்பார்களே, அப்படிப் பாசமாகப் பார்த்தார்.

"ஆபீஸ்ல எழுதிக் கேப்பாங்களே. கொண்டாந்தீங்களா?"

கொண்டுவரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். முழுதும் படித்தார், ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டு. கம்பெனிப் பெயரில் எனக்கு ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அதைச் செருகினார். கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் எழுதினார். பேனா என்னுடையது.

"உங்க வேலைக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டார்.

"வராது மச்சான்."

மூன்றாம் நாள் விடிந்தபோது அவர் இல்லை.

சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. ஆடிட்டர் அம்மா ஒரே ஒரு குறை எழுதியிருந்தார்: அட்டையைச் சரியாகப் படிக்கத் தொழிலாளர்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவை. பயிற்சி நடத்த என்னையே நியமித்திருந்தார்கள். மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டார். பின்வரிசையில் இப்போதும் இருபது கேன் இருக்கிறது. நாலாவது வரியை மட்டும் அட்டையிலிருந்து எடுத்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து கம்பெனியிலிருந்து வீட்டுக்கு ஒரு உறை வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம், கூடவே அந்தக் காகிதத்தின் நகல். நான் வேலையிலிருந்து திரும்பியபோது என் மனைவி முன்னறையில், அண்ணனின் கட்டிலில், அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கண்ணன் அட்டைல இருந்தபடி செய்யலையாம்," என்றாள்.

நான் பையை இறக்கி வைத்தேன்.

"லிப்டுல ஆறு பேர்னு போட்டிருந்தா ஏழாவதா ஏறமாட்டாரு. அவரு ஒரு வரியை விட்டுட்டாராம். இதை அடிச்சது யாரு? உங்க மெஷின்ல அடிச்சதுதானே இது? கோடு போட்டாப்புல மேல ஒரு கறை விழுமே, அது இருக்கு."

அவளிடமும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், உட்காரச் சொல்லி அவள் சொல்லவில்லை. அழாமல் கேட்டாள்.

"அண்ணன்கிட்ட இதைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அவர் நம்பல. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"ஒண்ணுமில்லாத இருபது ஸ்டிக்கரை வச்சு அத்தனை பேரை நம்ப வச்சீங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. "உண்மையை ஒரே ஒருத்தர நம்ப வைக்க உங்களால முடியலையா?"

முடியவில்லை என்றேன். அது பொய். மாஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து சொல்லச் சொல்லியிருக்கலாம். டாக்டரைச் சொல்லச் சொல்லியிருக்கலாம். 'ஆமாம் மச்சான், தெரிந்துதான் ஊற்ற விட்டேன்' என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும், நம்பியிருப்பார். அவர் என்னை நம்பாமல் சிரித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. வேலை தப்பியது, பெயர் தப்பியது, சொல்லவும் சொல்லியாயிற்று என்ற நிம்மதி. இதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டு, எழுந்து தன் துணிகளை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.